கலியாணப் படப்பிடிப்பாளரின் இணையத்தளத்தில் ‘என்னைப் பற்றி’ பக்கம்: எதை எழுதுவது, எதை விடுவது

யாழ்ப்பாணத்தில் சில வருடங்களாகக் கலியாண வீடுகளைப் படமெடுக்கும் ஒருவரின் கேள்வி இது. இணையத்தளம் தயார், படங்கள் ஏற்றியாயிற்று, கட்டண விவரமும் போட்டாயிற்று. ‘என்னைப் பற்றி’ என்ற பக்கம் மட்டும் மூன்று வரிக்கு மேல் நகரவில்லை. தமிழிலா ஆங்கிலத்திலா, ‘நான்’ என்பதா ‘நாங்கள்’ என்பதா, எவ்வளவு நீளம், கமராக்களின் பெயரைப் போடுவதா என்று கேட்கிறார்.

இந்தப் பக்கத்தை ஆட்கள் எப்போது திறக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். படங்களைப் பார்த்து முடித்த பிறகுதான் திறக்கிறார்கள். படங்கள் பிடிக்காதவர் அதற்கு முன்பே போய்விட்டார். ஆகவே நீங்கள் நல்ல படம் எடுப்பவர் என்று இங்கே நிரூபிக்கத் தேவையில்லை. அவர்களுக்கு மிச்சம் இருப்பது வேறு கேள்வி: ‘ஆர் வரப்போறது? நம்பி வீட்டுக்குள்ள விடலாமோ?’ கலியாணப் படப்பிடிப்பாளர் விடியப்புறம் 4 மணிக்கு வந்து இறங்குகிறார். பொம்பிளை வெளிக்கிடும் அறை வாசலில் நிற்கிறார். நகைப்பெட்டி திறக்கும்போது பக்கத்தில் இருக்கிறார். தகப்பன் கண் கலங்கும்போதும், மாமன்மார் சாப்பாட்டுப் பந்தியில் மனத்தாங்கல் படும்போதும் கூடவே இருக்கிறார். வீட்டாரைத் தவிர அந்த நாளில் அவ்வளவு கிட்ட நிற்கும் பிறத்தியாள் ஐயரும் நீங்களும்தான். ஐயரைக் குடும்பத்துக்கு முன்பே தெரியும். உங்களைத் தெரியாது. அந்தத் தெரியாமையைக் குறைப்பதுதான் இந்தப் பக்கத்தின் முழு வேலையும்.

வாசிப்பவர்கள் இரண்டு வகை. ஒருவர் ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும் மகள் அல்லது மகன். வேலை முடிந்து இரவில் போனில் வாசிக்கிறார், வாசித்துவிட்டுக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் இணைப்பைப் போடுகிறார். மற்றவர் கொக்குவிலிலோ கரவெட்டியிலோ இருந்து அதைத் திறக்கும் தாய் அல்லது சித்தி. மகளுக்கு வேண்டியது: தூரத்தில் இருந்து ஒழுங்கு செய்யலாமா, சொன்னபடி வருவீர்களா, படங்கள் எப்போது கைக்கு வரும். தாய்க்கு வேண்டியது: எங்கே இருக்கிறீர்கள், எங்கள் சடங்கு தெரியுமா, சபையில் ஒழுங்காக நடப்பீர்களா. இந்த இருவருக்கும் பதில் சொல்லும் வசனங்கள் இருந்தால் பக்கம் வேலை செய்யும்.

நீளம் 140 முதல் 250 சொற்கள் வரை போதும். போனில் இரண்டு, மூன்று தரம் விரலால் தள்ளும் அளவு அது. அதற்கு மேல் போனால் யாரும் முடிவு வரை வாசிக்கமாட்டார்கள்; 100 சொற்களுக்குள் நிறுத்தினால் மறைக்கிறீர்களோ என்ற எண்ணம் வரும். முதல் இரண்டு வசனங்கள் தனியாக எடுத்து வைத்தாலும் நிற்க வேண்டும்: எந்த ஊர், என்ன எடுக்கிறீர்கள், எப்போதில் இருந்து. கூகுளின் தேடல் முடிவிலும் வட்ஸ்அப் முன்னோட்டத்திலும் பெரும்பாலும் தெரியப்போவது அந்தத் தொடக்கம் மட்டும்தான். தமிழில் முதல் 12, 15 சொற்களுக்குள் விஷயம் வந்துவிட வேண்டும். ‘வணக்கம், எமது இணையத்தளத்துக்கு உங்களை அன்புடன் வரவேற்கிறோம்’ என்று தொடங்கினால் அந்த இடம் அப்படியே வீணாகிறது.

இப்போது மூன்று வரியில் நிற்பதற்கான காரணம். அநேகமாக அந்த மூன்று வரி இப்படித்தான் இருக்கும்: ‘காலத்தால் அழியாத உங்கள் இனிய நினைவுகளைக் கலைநயத்துடன் பதிவு செய்கிறோம். ஒவ்வொரு படமும் ஒரு கவிதை. நவீன தொழில்நுட்பத்துடன் அனுபவம் மிக்க கலைஞர்களின் சேவை.’ இதற்குப் பிறகு எழுத ஒன்றும் வராது, ஏனென்றால் இதில் உங்களைப் பற்றி ஒன்றும் இல்லை. சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு வசனத்திலும் உங்கள் பெயரை எடுத்துவிட்டு, அடுத்த சந்தியில் இருக்கும் ஸ்ரூடியோவின் பெயரைப் போட்டு வாசியுங்கள். வசனம் அப்படியே பொருந்தினால் வெட்டிவிடுங்கள். மேலே உள்ள மூன்றும் யாருக்கும் பொருந்தும்.

வெட்டிய இடத்தில் வர வேண்டியது, கலியாண நாளில் நீங்கள் உண்மையாகச் செய்யும் காரியங்கள். இங்கேதான் அதிக நேரம் செலவிடுங்கள். ஒரு தாளை எடுத்து, பொன்னுருக்கல் தொடங்கி ஆரத்தி வரை ஒவ்வொரு கட்டத்திலும் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள், யாரோடு பேசுகிறீர்கள், எதைச் செய்யமாட்டீர்கள் என்று எழுதுங்கள். தாலி கட்டும் நேரத்தை எடுத்துக்கொள்வோம். கெட்டிமேளம் தொடங்கியதும் சபை முழுக்க எழும்பும். பூவும் அரிசியும் பறக்கும். மணவறையைச் சுற்றிப் பத்துப் போன்கள் நீளும். மாப்பிள்ளையின் முழங்கையும் பின்னால் நிற்கும் பெண்களின் தோள்களும் முடிச்சை மறைத்துவிடும். அதற்கு முன்பே ஐயரோடு பேசி, ஒருவர் பக்கவாட்டில் முடிச்சுத் தெரியும் இடத்திலும், மற்றவர் சற்று உயரத்தில் பொம்பிளையின் முகம் தெரியும் இடத்திலும் நிற்பது உங்கள் வழக்கம் என்றால், அதை ஒரு வசனத்தில் சொல்லுங்கள். ‘தாலி கட்டும் நேரம் யார் எங்கே நிற்பது என்று ஐயரோடு முன்கூட்டியே பேசிக்கொள்வோம், சடங்கை நிறுத்தி இன்னொரு தரம் செய்யச் சொல்லமாட்டோம்.’ இதை வாசிக்கும் தாய்க்கு நீங்கள் ஏற்கனவே பல மணவறைகளைப் பார்த்தவர் என்பது விளங்கிவிடும். அனுபவம் மிக்கவர் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

அதேபோல வேறு கட்டங்களும் உண்டு. கால் கழுவும் தோழனுக்கு மாப்பிள்ளை மோதிரம் போடும் கணம் மூன்று நான்கு வினாடிதான்; படலையடியில் வரவேற்பை எடுத்துக்கொண்டு நிற்பவர் அதைத் தவறவிடுவார். அறுகரிசி போடும்போது வரிசையில் வரும் ஒவ்வொரு மூத்தவரின் முகமும் வேண்டும், ஏனென்றால் சில வருடம் கழித்துக் குடும்பம் தேடுவது அந்த முகங்களைத்தான். குடும்பப் படங்களுக்குப் பெயர்ப் பட்டியலை முன்கூட்டியே வாங்கிவைப்பவர்கள் உண்டு. சபையில் ஒவ்வொருவராகத் தேடிக்கொண்டு நின்றால் மாமி ஒருவர் சாப்பிட்டுவிட்டுப் போயிருப்பார், அந்தக் குறை அல்பத்தில் எப்போதும் இருக்கும். இப்படி எழுதிய தாளில் இருந்து இரண்டு, அதிகம் மூன்று காரியங்களைத் தேர்ந்தெடுங்கள். எல்லாவற்றையும் போட்டால் பக்கம் சடங்குப் பட்டியலாகிவிடும்.

தேவாலயக் கலியாணங்களும் எடுப்பவர் என்றால் அதற்கும் ஒரு வசனம் வேண்டும். அங்கே ஒழுங்கு வேறு: பல ஆலயங்களில் திருப்பலி நேரத்தில் பிளாஷ் பாவிக்கக்கூடாது, பீடப் படிகளில் ஏறக்கூடாது. ‘பீடத்துக்குள் வராமல், பிளாஷ் இல்லாமல் எடுப்போம், பங்குத் தந்தையிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வோம்’ என்பது போதும். எடுத்துப் பழக்கம் இல்லாத சமயச் சடங்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டாம். நிக்காஹ் ஒன்றும் எடுத்திராமல் ‘எல்லா மதத்தவர்களினதும்’ என்று எழுதினால் முதல் தொலைபேசி உரையாடலிலேயே தெரிந்துவிடும்.

பொம்பிளை வெளிக்கிடும் அறை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உங்கள் குழுவில் பெண் படப்பிடிப்பாளர் இருந்தால், இந்தப் பக்கத்திலேயே பெறுமதியான தகவல் அதுதான். பக்கத்தின் அடியில் புதைக்காமல் மேலே கொண்டுவாருங்கள். நீங்களே பெண் என்றால் முதல் வசனத்திலேயே தெரியட்டும். குழுவில் பெண் இல்லை என்றால் அந்த அறையில் எப்படி நடப்பீர்கள் என்பதைச் சொல்லுங்கள்: கூறை உடுத்து முடித்து, வீட்டுப் பெண் ஒருவர் வந்து கூப்பிட்ட பிறகுதான் உள்ளே வருவோம் என்று. கேட்கத் தயங்கும் கேள்விக்கு நீங்களே பதில் சொல்வது வீட்டாருக்குப் பெரிய ஆறுதல்.

‘நானா நாங்களா’ என்பதற்கு: தனியாளாக வேலை செய்பவர் ‘நாங்கள்’ என்று எழுதிவிட்டுக் கலியாண வீட்டில் ஒற்றையாளாக வந்து இறங்கினால் அங்கேயே நம்பிக்கை போய்விடும். ‘நான்’ என்று தொடங்குங்கள். குழு இருந்தால் அன்றைக்கு எத்தனை பேர் வருவார்கள், யார் படம், யார் வீடியோ என்று சொல்லும் இடத்தில் ‘நாங்கள்’ இயல்பாக வரும். சாப்பாட்டுப் பந்திக்குக் கணக்குப் பார்க்கும் வீட்டுக்காரருக்கும் அந்த எண் தேவை. படர்க்கையில், ‘இவர் சிறுவயது முதலே கலையார்வம் மிக்கவராகத் திகழ்ந்தார்’ என்ற நடையில் மட்டும் எழுத வேண்டாம். எங்கள் ஊரில் அந்த நடையை ஆட்கள் வாசித்துப் பழகியது 31ஆம் நாள் நினைவு மலர்களில். வேலையில் இருக்கும் ஒருவரின் பக்கத்தில் அது தூரமாக ஒலிக்கிறது.

அனுபவத்தை வருட எண்ணிக்கையாகப் போடாமல் தொடங்கிய ஆண்டாகப் போடுங்கள். ‘8 வருட அனுபவம்’ என்று எழுதிவிட்டு மூன்று வருடம் திருத்தாமல் விட்டால் அது பிழையான தகவல். ‘2017 முதல்’ என்றால் எப்போதும் சரி. ‘500க்கும் மேற்பட்ட கலியாணங்கள்’ போன்ற உருட்டு எண்கள், பதிவுப் புத்தகத்தில் எண்ணிப் பார்த்தால் ஒழிய, வேண்டாம். விருது என்றால் பெயரும் ஆண்டும் போடுங்கள். இரண்டும் இல்லாத ‘பல விருதுகள் பெற்ற’ என்பது வேண்டாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கை படித்திருந்தால் ஒரு சொற்றொடர் போதும். எந்தப் பள்ளிக்கூடம், யாருடைய பிள்ளை என்பதெல்லாம் இந்தப் பக்கத்தில் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. ஊரைக் கேட்பவர்கள் வேறு எதையோ அறியத்தான் கேட்கிறார்கள் என்றால், அதற்குப் பதில் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. வேலை செய்யும் இடம் எது என்று சொல்லுங்கள், போதும்.

புதிதாகத் தொடங்கியவர் இதைப் பார்த்துச் சோர வேண்டாம். ஸ்ரூடியோ ஒன்றில் உதவியாளராக இருந்தீர்கள் என்றால் அதையே எழுதுங்கள்: ‘2021 முதல் 2023 வரை ஸ்ரூடியோவில் இரண்டாவது கமராவாக வேலை செய்தேன், 2024 முதல் தனியாகக் கலியாணங்களை ஏற்கிறேன்.’ ஒளிக்காமல் சொன்னவரிடம் வீட்டார் கூடுதலாகக் கேள்வி கேட்பதில்லை. ஆனால் அந்த நாட்களில் எடுத்த படங்களைப் போட, ஸ்ரூடியோ உரிமையாளரிடமும் அந்தக் குடும்பத்திடமும் கேட்டு, படத்தின் கீழ் அதைக் குறிப்பிடுங்கள். ஒரே படம் இரண்டு இணையத்தளங்களில் இருப்பதைப் பெண்வீட்டார் கண்டால், இரண்டு பேரில் ஒருவர் பொய் சொல்கிறார் என்றுதான் நினைப்பார்கள்.

கமராவின் பெயர், லென்ஸின் பெயர் வேண்டாம். வாசிப்பவருக்கு அவை ஒன்றும் சொல்வதில்லை. வருடத்துக்கு வருடம் மாறுவதும் அவைதான். ஆனால் கருவி பற்றிய ஒரு வசனம் கட்டாயம் வேண்டும்: படங்கள் தொலையாமல் இருக்க என்ன செய்கிறீர்கள் என்பது. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் அல்பங்களை வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பிய குடும்பங்கள் இங்கே எத்தனையோ. தாய் தகப்பனின் கலியாணப் படம் ஒன்றுகூட இல்லாமல் வளர்ந்தவர்கள் இப்போது தங்கள் கலியாணத்துக்கு உங்களைத் தேடுகிறார்கள். ‘இரண்டு மெமரி காட்டில் ஒரே நேரத்தில் பதிவாகும்; அன்றிரவே இரண்டு வன்தட்டுகளில் ஏற்றி, ஒன்றை வேறு இடத்தில் வைப்போம்’ என்ற வசனம் அவர்களுக்கு மனதில் படும். எழுதுவதற்கு முன் உங்கள் கமராவின் மெனுவைத் திறந்து பாருங்கள். இரண்டு காட் போடும் கமராவிலும் ‘முதலாவது நிரம்பினால் இரண்டாவது’ என்ற அமைப்பில் பலர் விட்டிருக்கிறார்கள். அதில் பிரதி எடுக்கப்படுவதில்லை. ஒரே படம் இரண்டிலும் விழும் அமைப்புக்கு மாற்றிய பிறகே அந்த வசனத்தைப் போடுங்கள். போரையும் இடப்பெயர்வையும் அலங்காரத்துக்காக எழுத வேண்டாம். உங்கள் வீட்டுக் கதையாக இருந்து, நீங்கள் இந்த வேலைக்கு வந்த காரணமும் அதுவாகவே இருந்தால் ஒரு வசனம். இல்லையென்றால் அது மற்றவர்களின் துயரம்.

இடப்பெயர்களைக் கவனமாகப் பாவியுங்கள், ஏனென்றால் ஊர்க்காரர் உடனே பிழை பிடிப்பார்கள். மணற்காட்டு மணல்மேட்டில் மாலைச் சூரியன் கடலில் இறங்கும் காட்சி என்று எழுதினால், அந்தக் கரை கிழக்குப் பார்த்தது, அங்கே சூரியன் கடலில் எழும்புமே தவிர இறங்காது என்பது வடமராட்சியில் பிள்ளைகளுக்கும் தெரியும். யாழ்ப்பாணக் கோட்டை, மந்திரிமனை போன்றவை தொல்லியல் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ளவை. அனுமதி எப்படி என்று கேட்டறிந்த பிறகே அந்தப் பெயர்களைப் போடுங்கள். நல்லூர்க் கோவிலின் உள்ளே படமெடுக்க விடமாட்டார்கள். ‘நல்லூரில் படப்பிடிப்பு’ என்றால் வெளிவீதி என்று தெளிவாக இருக்கட்டும். ட்ரோன் உண்டு என்று எழுதுபவர் அது சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையில் பதியப்பட்டதா என்பதையும் சொல்ல வேண்டும். பலாலி விமான நிலையத்தை அண்டிய பக்கங்களில் நினைத்தபடி பறக்கவிட முடியாது. அந்தப் பகுதி மண்டபங்களுக்கு ட்ரோன் படம் தருவேன் என்று முன்கூட்டியே உறுதி சொல்வது ஆபத்து. தீவுகளுக்கு வருவோம் என்று எழுதினால் முதல் நாளே போய்த் தங்கும் ஏற்பாடு உங்களிடம் இருக்க வேண்டும், ஏனென்றால் விடியப்புறம் 4 மணிக்கு நெடுந்தீவில் நிற்பதற்குக் குறிகட்டுவான் இறங்குதுறையில் படகு கிடைக்காது.

இதெல்லாம் சேர்ந்து ஒரு பக்கமாக வந்தால் ஏறக்குறைய இப்படி இருக்கும். பெயர் மேலே தலைப்பில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

‘யாழ்ப்பாணம் கோண்டாவிலில் இருந்து, 2017 முதல் வடக்கு மாகாணம் எங்கும் சைவ, கத்தோலிக்கக் கலியாணங்களைப் படமும் வீடியோவும் எடுக்கிறேன். வெளிநாட்டில் இருந்து வந்து இங்கே கலியாணம் செய்பவர்களோடு, அவர்கள் புறப்படுவதற்கு ஒரு மாதத்துக்கு முன்பே வீடியோ அழைப்பில் நாள் முழுவதையும் மணித்தியாலம் மணித்தியாலமாகப் பேசி முடித்துவிடுவேன்.

‘அன்றைக்கு நாங்கள் நான்கு பேர் வருவோம்: படத்துக்கு இருவர், வீடியோவுக்கு இருவர். பொம்பிளை வெளிக்கிடும் அறைக்குள் எங்கள் குழுவில் உள்ள பெண் படப்பிடிப்பாளர் மட்டும் வருவார். தாலி கட்டும் நேரம் யார் எங்கே நிற்பது என்று ஐயரோடு முன்கூட்டியே பேசிக்கொள்வோம். சடங்கை நிறுத்தி இன்னொரு தரம் செய்யச் சொல்லமாட்டோம். தேவாலயத்தில் பீடத்துக்குள் வராமல், பிளாஷ் இல்லாமல் எடுப்போம்.

‘குடும்பப் படங்களுக்கு ஒரு வாரம் முன்பே உங்களிடம் பெயர்ப் பட்டியல் வாங்குவேன். வயது போனவர்களை முதலில் எடுத்து அனுப்பிவிடுவோம். அவர்கள் வரிசையில் நின்று காத்திருக்கத் தேவையில்லை.

‘எடுக்கும் ஒவ்வொரு படமும் இரண்டு மெமரி காட்டில் ஒரே நேரத்தில் பதிவாகும். அன்றிரவே இரண்டு வன்தட்டுகளில் ஏற்றி, ஒன்றை வேறு இடத்தில் வைப்போம். தெரிவு செய்த படங்கள் 30 நாளில் இணைப்பாக வரும். அல்பத்துக்கு நீங்கள் படங்களைத் தெரிந்து தந்த நாளில் இருந்து 60 நாள்.

‘கனடாவில் இருப்பவர்களோடு யாழ்ப்பாண நேரம் காலை 6.30 முதல் 8 வரையும், லண்டனில் இருப்பவர்களோடு இரவு 8 முதல் 10 வரையும் பேசலாம்.’

இதில் வர்ணனைச் சொற்கள் அநேகமாக இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆனாலும் ஆள் எப்படிப்பட்டவர் என்று தெரிகிறது. வயது போனவர்கள் பற்றிய வசனம் ஒன்றே போதும். 30, 60 என்ற நாட்கள் என் உதாரணம் மட்டும். உங்கள் கணக்கை வைகாசியில் அல்ல, ஆவணியில் பாருங்கள். வெளிநாட்டுப் பள்ளிக்கூட விடுமுறையும் ஆவணி முகூர்த்தங்களும் ஒன்றாக வரும் அந்தக் கிழமைகளில் படங்கள் குவியும், அல்பம் அடிக்கும் இடத்திலும் வரிசை நீளும். அப்போதும் காப்பாற்றக்கூடிய நாளைப் போடுங்கள். நேரக் கணக்கும் அப்படித்தான்: கோடையில் ரொறன்ரோ எங்களுக்கு 9.30 மணித்தியாலம் பின்னால், குளிர்காலத்தில் 10.30, லண்டன் கோடையில் 4.30, குளிர்காலத்தில் 5.30. இங்கே காலை 6.30 என்றால் கோடையில் ரொறன்ரோவில் முதல் நாள் இரவு 9 மணி. விலையை இந்தப் பக்கத்தில் போடாமல், கட்டணப் பக்கத்துக்கு ஓர் இணைப்பு மட்டும் வையுங்கள்.

தமிழா ஆங்கிலமா என்றால், இரண்டும், ஆனால் இரண்டு தனிப் பக்கங்களாக. ஒரு பந்தி தமிழ், ஒரு பந்தி ஆங்கிலம் என்று மாறி மாறிப் போட்டால் இரண்டு பேருமே பாதியில் விட்டுவிடுவார்கள். தானியங்கி மொழிபெயர்ப்பை அப்படியே போடாதீர்கள். ஆங்கிலப் பக்கத்தை அங்கே பிறந்து வளர்ந்த ஒருவர் வாசித்துத் திருத்தட்டும். தமிழில் வீட்டில் சொல்வது போலக் கலியாணம், அல்பம், கூறை, சாமத்திய வீடு (பூப்புனித நீராட்டு விழா) என்றே எழுதுங்கள். ‘திருமண வைபவங்களை ஒளிப்படமாக்கும் சேவையினை வழங்கி வருகின்றோம்’ என்பது அழைப்பிதழ்த் தமிழ். அதில் ஆளின் குரல் கேட்காது.

தமிழ் எழுத்தைத் தளத்தில் ஏற்றும்போது வழக்கமாகப் பிழைக்கும் இடங்கள் சில. அச்சகத்திலோ அறிவிப்புப் பலகை செய்பவரிடமோ தட்டச்சு செய்து வாங்கிய பிரதி பாமினி எழுத்துருவில் இருக்கலாம். அது உண்மையில் ஆங்கில எழுத்துக்களுக்குத் தமிழ் உருவம் போட்டது. தளத்தில் ஒட்டினால் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாக வரும். யூனிகோட்டுக்கு மாற்றி, மாற்றிய பிறகு ஒரு தரம் முழுக்க வாசியுங்கள், ஏனென்றால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்பது உண்டு. இந்தச் சிக்கலைத் தவிர்க்க எழுத்தைப் படமாகச் செய்து போடுபவர்கள் இருக்கிறார்கள். அப்படிப் போட்டால் கூகுளில் தேடுபவருக்கு அந்தப் பக்கம் எளிதில் அகப்படாது, போனில் எழுத்தும் பொடியாகத் தெரியும். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை மூன்றும் இலவசம். வரி இடைவெளியை 1.6 முதல் 1.8 வரை வையுங்கள். ஆங்கில வார்ப்புருவில் வரும் 1.2 இல், மேல் வரியின் ‘பூ’வும் கீழ் வரியின் ‘கீ’யும் ஒன்றில் ஒன்று முட்டும். எழுத்திடை இடைவெளி பூச்சியம். சாய்வெழுத்து வேண்டாம்.

உங்கள் படம் ஒன்று கட்டாயம் வேண்டும். கமராவால் முகத்தை மறைத்துக்கொண்டு நிற்கும் படம் வேண்டாம். வீட்டார் பார்க்க விரும்புவதே அந்த முகத்தைத்தான். எங்கள் மத்தியான வெயிலில் கண்ணுக்குக் கீழே கரிய நிழல் விழும். காலை 8 மணிக்கு முன், அல்லது மாலை 4.30க்குப் பின், விறாந்தையின் விளிம்பில் வெளிச்சத்தைப் பார்த்து நின்று, 50 அல்லது 85 மில்லிமீற்றர் லென்ஸில் இன்னொருவரை எடுக்கச் சொல்லுங்கள். கலியாண வீட்டுக்கு என்ன உடுத்திக்கொண்டு போவீர்களோ அதையே உடுத்துங்கள். நீண்ட பக்கம் 1600 பிக்சல், கோப்பு 300 கிலோபைட்டுக்குள், நிறவெளி எஸ்ஆர்ஜிபி. பக்கத்துக்குப் பின்னணியாகத் தம்பதியரின் படம் வைத்தால் அவர்களிடம் வட்ஸ்அப்பில் எழுத்தில் அனுமதி வாங்கிச் சேமித்து வையுங்கள். சாமத்திய வீட்டுப் படங்களைப் பெற்றோர் சம்மதித்தாலும் இந்தப் பக்கத்தில் போட வேண்டாம் என்பேன். அந்தப் பிள்ளை வளர்ந்த பிறகு அந்தப் படம் உலகத்தின் முன் இருக்க வேண்டுமா என்று முடிவு செய்ய வேண்டியவர் அவர்.

இணைப்பை வட்ஸ்அப்பில் அனுப்பிப் பார்க்காமல் பக்கத்தை வெளியிடாதீர்கள். இணைப்பின் முன்னோட்டம் எடுக்கப்படும் ஓப்பன் கிராஃப் என்ற பகுதியில் 1200க்கு 630 பிக்சல் படமும், தலைப்பும், ஒரு வரி விவரமும் கொடுக்காவிட்டால் குடும்பக் குழுவில் வெறும் முகவரியோ, பாதி வெட்டுப்பட்ட இலச்சினையோதான் வரும். திருத்திய பிறகும் பழைய முன்னோட்டமே வந்தால் முகவரியின் கடைசியில் ஒரு கேள்விக்குறியும் ஏதாவது ஓர் எண்ணும் சேர்த்து அனுப்பிப் பாருங்கள். பக்கம் மாறாது, முன்னோட்டம் புதிதாக வரும். தொலைபேசி எண்ணில் முன்னால் உள்ள பூச்சியத்தை எடுத்துவிட்டு +94 சேர்த்து எழுதுங்கள். 077 என்று தொடங்கும் எண்ணை லண்டனில் இருந்து அப்படியே அழுத்தினால் அழைப்பு உங்களுக்கு வராது.

வெளியிட முன் இரண்டு பேரிடம் கொடுங்கள்: வெளிநாட்டில் இருக்கும் உறவினர் ஒருவர், உள்ளூரில் 55 வயதைத் தாண்டிய பெண் ஒருவர். வாசித்து முடித்ததும் பக்கத்தை மூடச் சொல்லிவிட்டு மூன்று கேள்வி கேளுங்கள். எந்த ஊரில் இருந்து வருகிறார்? எத்தனை பேர் வருவார்கள்? படம் எப்போது கிடைக்கும்? பதில் தடுமாறினால் அந்த வசனம் கீழே கிடக்கிறது, மேலே கொண்டுவர வேண்டும்.

கடைசியாக, இன்ஸ்டகிராமுக்கு ஒரு குறுகிய வடிவம் தேவைப்படும். அங்கே சுயவிவரப் பெட்டியின் எல்லை 150 எழுத்து. ஆனால் அந்தப் பெட்டி எங்கள் எழுத்தை எங்கள் முறையில் எண்ணுவதில்லை. புள்ளியையும் காலையும் கொம்பையும் தனித்தனியாக எண்ணும். ‘யாழ்ப்பாணம்’ எங்களுக்கு 6 எழுத்து, பெட்டிக்கு 11. ஆகவே தமிழில் 13, 14 சொற்களுக்கு மேல் அநேகமாகக் கொள்ளாது. ‘யாழ்ப்பாணத்தில் கலியாணப் படமும் வீடியோவும். 2017 முதல். வெளிநாட்டில் இருந்து வருபவர்கள் முதலில் வட்ஸ்அப்பில் பேசுங்கள்.’ இது 119 வரும். மிச்ச இடத்தில் ஊரின் பெயரை ஆங்கில எழுத்தில் ஒரு தரம் சேர்த்துவிடுங்கள், ஏனென்றால் தேடுபவர்களில் பெரும்பாலோர் தமிழ்க்காரராக இருந்தாலும் தேடுவது ஆங்கில எழுத்தில்தான்.